தாழ் திறந்த சிறைகள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எலவனாசூர்கோட்டை என்பது ஓர் ஊர். கோட்டைக்குரிய காவலும் படையும் அவ்வூரை விட்டு அகன்று நெடுங்காலம் ஆயிற்று. எனினும், கோட்டை என்னும் சொல் ஊர்ப்பெயரில் நிலைத்து நிற்கின்றது. கட்டடத்தின் தொழில் மாறினும் அதனைப் பற்றிய நினைவு எளிதில் மாறுவதில்லை. இவ்வுண்மை சிறைக்கும் பொருந்தும்.

பயன் தீர்ந்த சிறையை என் செய்வது? இடித்துவிடுதல் ஒரு வழி. 1837-இல் எழுந்த சென்னை மத்திய சிறையின் கைதிகள் 2006-இல் புழலுக்கு மாற்றப்பட்டனர். 2009-இல் பழைய கட்டடம் இடிக்கப்பட்டது. அவ்விடம் மருத்துவக் கல்லூரிக்கு உரியதாயிற்று. நோய் தீர்க்கும் கலை பயிலும் இடமானது நன்றே. ஆயினும், விடுதலை வீரர் பலர் அடைபட்டிருந்த அறைகளை இனி எவரும் காணுதல் இயலாது.

சிறையை விருந்தினர் விடுதியாக்குதல் மற்றொரு வழி. சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில், லோங்ஹோல்மன் என்னும் தீவில் இருந்த சிறை 1975-இல் மூடப்பட்டு, 1989-இல் விடுதியாயிற்று. கனடாவின் தலைநகராகிய ஒட்டாவாவில் 1862-இல் திறக்கப்பட்ட சிறை 1972-இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே இளம் பயணியர் தங்கும் விடுதியாக மாறியது. 1869-இல், தான் குற்றமற்றவன் என்று இறுதிவரை கூறிய வேலன் என்பவன் தூக்கிலிடப்பட்டது அச்சிறையிலேதான்.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி உண்டு. தெலங்கானாவிலுள்ள சங்காரெட்டி நகரின் பழைய சிறை, 1796-இல் நிசாம் ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்டது. கைதிகள் புதிய சிறைக்குச் சென்றபின் அது அருங்காட்சியகமாயிற்று. 2016-இல், ஐந்நூறு ரூபாய் செலுத்துவோர் அங்கே ஒரு நாள் கைதிபோல் தங்கலாம் என அறிவித்தனர். வருவோர்க்குக் கதர் உடையும், தட்டும் குவளையும், படுக்கையும் தரப்பட்டன. சிறை விதிப்படியே உணவும் அளிக்கப்பட்டது. தம் அறையைத் தாமே தூய்மை செய்தல் வேண்டும் என்பதும் முறையாயிற்று.

இதனால் விளையும் நன்மை யாது? தாழிட்ட அறையில் தனித்திருக்கும்போது உரிமையின் அருமை ஒருவாறு விளங்கும். ஆனால், விருந்தினன் அறிந்த சிறை வேறு. கைதி அறிந்த சிறை வேறு. நாளை விடியலில் கதவு திறக்கும் என்பது விருந்தினனுக்குத் தெரியும். கைதிக்கு அவ்வுறுதி ஏது? 1908-இல் தண்டனை பெற்ற வ. உ. சிதம்பரனார் கோயம்புத்தூர்ச் சிறையில் மாடுபோல் செக்கிழுத்தார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறையிலும் துன்புற்று, 1912-இல் விடுதலை பெற்றார். அத்துன்பத்தை எவரேனும் ஐந்நூறு ரூபாய்க்குப் பெற இயலுமோ?

ஆதலின், சிறை விடுதியாவதில் குற்றமில்லை. அது வெறும் வேடிக்கையாவதே குற்றம். முன்பு அங்கே இருந்தவர் யாவர், எதன் பொருட்டு வாடினர் என்னும் செய்தியை ஒவ்வோர் அறையும் வருவோர்க்கு உரைத்தல் வேண்டும். அதனை அறிந்து உறங்கி எழுபவன், காலையில் வாயிலைக் கடக்கும்போது, அவ்வாயிலைக் கடக்க இயலாது மடிந்தோரை ஒரு கணம் நினைப்பான். அந்நினைவே அவன் அங்குத் தங்கியதன் பயன் ஆகும்.