லோன்ல வந்தவன்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. "ஆபீஸ்ல ஆணி அதிகம்"னு சொல்லி தப்பிச்சுக்கலாம்தான். ஆனா விஷயம் நேர்மாறு. புடுங்க ஆணியே இல்லை. அதைக் கடைசியில் சொல்றேன். முதல்ல ஒரு கால்பந்து கதை. கிரிக்கெட் மட்டும் பார்க்கற மக்கள் ஓடிப்போயிடாதீங்க. ஆஃப்சைடு பத்தி ஒரு வரி கூட வராதுன்னு உறுதி தர்றேன்.

கொசுவத்தி சுத்தியாச்சு. வருஷம் 2014, அக்டோபர். ஐ.எஸ்.எல். அப்பதான் ஆரம்பிச்சிருந்தது. நான் இன்ஜினியரிங் முதல் வருஷம். சென்னைக்கும் ஒரு டீம் வருதுன்னு கேள்விப்பட்டதும் கோட்டூர்புரத்துல பறக்கும் ரயில் ஏறி, பார்க் டவுன்ல இறங்கி, நேரு ஸ்டேடியம் வரைக்கும் நடந்தே போனோம். டீமோட கோச் கம் பிளேயர் மார்கோ மடராஸி. 2006 உலகக்கோப்பை ஃபைனல்ல ஜிடான்கிட்ட நெஞ்சுல முட்டு வாங்கினாரே, அவரேதான். "அதான் பேரே மதராஸின்னு இருக்கேடா, பொருத்தமாத்தான் புடிச்சிருக்காங்க"ன்னு எங்க அப்பா சொன்னார். அந்த சீசன்ல சென்னையில் இந்த ஜோக்கை சொல்லாத அப்பா ஒருத்தர் கூட இருந்திருக்க மாட்டார்னு நினைக்கறேன்.

எல்லாரும் பார்க்கப் போனது மடராஸியையும் பிரேசில் எலானோவையும். நான் பார்த்துட்டு வந்தது வேற ஒருத்தனை. கொலம்பியாக்காரன், 22 வயசு, பேரு ஸ்டீவன் மெண்டோசா. பேப்பர்ல ஃபார்வர்டுன்னு போட்டிருப்பாங்க. ஆனா ஆளு நடுவுல ஆரம்பிப்பான், ஓரத்துல ஓடுவான், பந்து போச்சுன்னா அதைத் துரத்திக்கிட்டு நம்ம கோல் வரைக்கும் திரும்பி வருவான். நம்ம ஊர் வெயில்ல அப்படி ஓடறவனைப் பார்த்தா நமக்கே நாக்கு வறண்டுடும்.

அப்பாவுக்கு கொலம்பியான்னாலே வால்டராமாதான். 1990 உலகக்கோப்பையில் மேற்கு ஜெர்மனிக்கு எதிரா கடைசி நிமிஷத்துல ரின்கோனுக்கு ஒரு பாஸ் கொடுத்து 1-1 ஆக்கினாரே, அந்த மிட்ஃபீல்டர். தூர்தர்ஷன்ல பார்த்ததை அப்பா இன்னும் சொல்லுவார். "சாய்பாபா மாதிரி முடி. ஓடவே மாட்டான்டா. நின்ன இடத்துல இருந்தே எல்லாரையும் ஓட விடுவான்." அப்பாவுக்கு அது ஏன் பிடிச்சுதுன்னு எனக்குத் தெரியும். அவரே நின்ன இடத்துல நின்ன மனுஷன். 33 வருஷம் ஒரே அரசு அலுவலகம். 22 வருஷம் கோட்டூர்புரத்துல ஆத்துப் பக்கம் ஒரே வாடகை வீடு, கிரவுண்ட் ஃப்ளோர்.

"உன் மெண்டோசா என்னடா, ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறான்"னு அவர் சொன்னது ஆட்டத்தைப் பத்தி. பின்னாடி பார்த்தா அவனோட மொத்த வாழ்க்கைக்கும் அது பொருந்திப் போச்சு.

2014ல் சென்னை லீக்ல முதல் இடம் பிடிச்சும் செமிஃபைனல்ல கேரளாகிட்ட தோத்தது. 2015 ஆரம்பத்துல மெண்டோசாவை பிரேசில்ல கொரிந்தியன்ஸ் வாங்கிட்டாங்க. அந்த நாட்டுலயே பெரிய கிளப்கள்ல ஒண்ணு. "முடிஞ்சுது, இனிமே எங்க வரப்போறான்"னு நினைச்சேன். அதே வருஷம் திரும்ப வந்தான். எப்படி? லோன்ல.

லோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கான்ட்ராக்ட் ஒரு கிளப்கிட்ட இருக்கும். ஆளு விளையாடறது இன்னொரு கிளப்புக்கு. சம்பளத்தை யார் எவ்வளவு தர்றதுன்னு ரெண்டு பேரும் பேசிப்பாங்க. காலக்கெடு முடிஞ்சா பெட்டியைக் கட்டிக்கிட்டு கிளம்பணும். அப்போ ஐ.எஸ்.எல். அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர்லயே முடிஞ்சுடும். அதனால லோனுக்குன்னே அளவெடுத்து தைச்ச மாதிரி இருந்தது. நம்ம ஜேஜே கூட சென்னைக்கு ஆடி முடிச்சுட்டு ஐ-லீகுக்கு மோகன் பகான் போயிடுவார்.

பொட்டி தட்டற மக்களே, எங்கயோ கேட்ட மாதிரி இல்ல? கம்பெனி ஒண்ணு, கிளையன்ட் ஒண்ணு, அடையாள அட்டை ரெண்டு. அதேதான்.

2015 சீசன்ல மெண்டோசா ஆடினது வேற லெவல். கோவா ஊருக்கே போய் ஹாட்ரிக் போட்டான். நான் ரங்கநாதன் தெருவுல ஒரு நீல டீஷர்ட் வாங்கி, பக்கத்துலயே பிரிண்ட் போடற கடையில முதுகுல அவன் பேரைப் போடச் சொன்னேன். அண்ணன் பாதியில எழுத்தை விட்டுட்டு "மெண்டோஸ்"னு அடிச்சுக் கொடுத்துட்டார். காலேஜ்ல மிட்டாய்னு பேர் வந்தது. இருந்தும் துவைச்சு துவைச்சுப் போட்டேன். டீம் என்னவோ நவம்பர்ல பட்டியலோட அடியில கிடந்தது. அப்புறம் வரிசையா ஜெயிச்சு செமிஃபைனலுக்கு ஏறினாங்க.

அதுக்குள்ள மழை வந்துடுச்சு.

2015 டிசம்பர் 1. அந்த ராத்திரியைப் பத்தி உங்கள்ல நிறைய பேர் எழுதியிருக்கீங்க, அதனால நீட்டலை. செம்பரம்பாக்கத்துல திறந்த 29,000 கன அடி தண்ணி அடையாறு வழியா வந்தது. எங்க வீட்டுக்குள்ள முதல்ல கழிவறை வழியா வந்தது, அப்புறம் வாசல் வழியா. அம்மா கையில சர்டிஃபிகேட் ஃபைல், அப்பா கையில டார்ச், என் கையில ஒண்ணுமில்லை. மாடி வீட்டுக்காரங்க கதவைத் திறந்து விட்டாங்க. மாடிப்படியில உட்கார்ந்து, எங்க டிவி ஸ்டாண்டோட மிதக்கறதைப் பார்த்தோம். மறுநாள் ஹிந்து பேப்பரே வரலை. 137 வருஷத்துல முதல் தடவையாம். அப்பாவுக்கு அதுதான் ரொம்ப உறைச்சுது. "பேப்பர் வரலைன்னா ஊர் நின்னு போச்சுன்னு அர்த்தம்டா"ன்னார்.

மயிலாப்பூர் பெரியப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அதுக்கப்புறம் அப்பா பேசறதையே நிறுத்திட்டார். கேட்டா "ம்". கேட்கலைன்னா அதுவும் இல்லை. பகல்ல கோட்டூர்புரம் போய் சேறு வாருவார், சாயந்திரம் வந்து திண்ணையில உட்காருவார். 22 வருஷ வீடு. ஆல்பம், அவர் வாங்கிச் சேர்த்த புஸ்தகம், ரேடியோ எல்லாம் ஒரே நிறத்துல இருந்தது. என் மெண்டோஸ் டீஷர்ட்டும் அதுல ஒண்ணு.

வெள்ளத்தால சென்னையோட சொந்த மண் செமிஃபைனலை புனேவுக்கு மாத்தினாங்க. அகதி மாதிரி போய் ஆடி, கொல்கத்தாவை 3-0ன்னு அடிச்சாங்க. மூணாவது மெண்டோசா. கொல்கத்தாவுல 2-1ன்னு தோத்தாலும் மொத்தத்துல ஜெயிச்சு ஃபைனல்.

டிசம்பர் 20, ஞாயித்துக்கிழமை. கோவா, ஃபதோர்டா ஸ்டேடியம், எதிர்ல கோவா. பெரியப்பா வீட்டு ஹால்ல பத்து பேர். அப்பா பின்னாடி ஓரமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில, டிவியைப் பார்க்கறாரா சுவத்தைப் பார்க்கறாரான்னு தெரியாம. புரூனோ பெலிசாரி அடிச்ச பெனால்ட்டியை கோவா கோல்கீப்பர் கட்டிமணி தடுத்தார், திரும்பி வந்த பந்தை பெலிசாரியே உள்ள தள்ளினார். நாலே நிமிஷத்துல கோவா சமன். இன்னொரு பெனால்ட்டி கிடைச்சது, அதையும் கட்டிமணி தடுத்துட்டார். 87வது நிமிஷம் ஜோஃப்ரே ஃப்ரீகிக், கோவா 2-1. பெரியம்மா "சாப்பிட வாங்க"ன்னாங்க. பாதிப் பேர் எழுந்துட்டாங்க.

90வது நிமிஷம். சென்னை அடிச்ச பந்தைத் தடுக்கப் போன கட்டிமணியே அதை உள்ள தட்டி விட்டுட்டார். ரெண்டு பெனால்ட்டி தடுத்த அதே கை. 2-2. நாங்க கத்தி முடிக்கறதுக்குள்ள இன்னொரு பந்து முன்னாடி போகுது, மெண்டோசா ஓடறான், அடிச்சான், 3-2.

ஹால்ல என்ன நடந்ததுன்னு எனக்கு ஞாபகம் இல்லை. பின்னாடி நாற்காலி விழுந்த சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கு. திரும்பிப் பார்த்தா அப்பா நின்னுக்கிட்டிருக்கார், ரெண்டு கையும் மேல. "போட்டான்டா! போட்டான்டா உன் மிட்டாய்க்காரன்!" இருபது நாள் கழிச்சு அவர் பேசின முதல் முழு வாக்கியம் அது. அம்மா சமையல்கட்டு வாசல்ல நின்னு அவரைத்தான் பார்த்தாங்க, டிவியை இல்லை.

13 கோலோட கோல்டன் பூட் வாங்கிட்டு மெண்டோசா போனவன்தான், சென்னைக்கு அப்புறம் வரவே இல்லை. அடுத்த சீசன்ல நாம ஏழாவது இடம். எங்களுக்கும் அந்த வீடு திரும்பக் கிடைக்கலை. ஓனர் இடிச்சுக் கட்டக் கொடுத்துட்டார். மந்தைவெளியில வேற வாடகை வீடு, முதல் மாடி. அப்பா அதுல மட்டும் கறாரா இருந்தார்.

சரி, இப்போ நிகழ்காலம்.

2018ல் ஒரு கம்பெனியில சேர்ந்தேன். பேர் வேண்டாம். ஏழு வருஷத்துல அஞ்சு கிளையன்ட். ரெண்டு ஊர் மாத்தினாங்க, போனேன். ஒவ்வொரு இடத்துலயும் "உங்க ஆள் நல்லா செய்யறார்"னு மெயில் போகும், ப்ராஜெக்ட் முடியும், பெஞ்சுக்கு வருவேன். இந்தத் தடவை பெஞ்சுல உட்கார்ந்த மூணாவது மாசம் ஒரு ரூமுக்குக் கூப்பிட்டு, தண்ணி பாட்டில் கொடுத்து, நீங்களே ராஜினாமா பண்ணிட்டா உங்களுக்கு நல்லதுன்னாங்க. பண்ணினேன்.

வீட்டுல சொல்லலை. மூணு வாரம் தினமும் காலையில லேப்டாப் பையோட கிளம்பி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல போய் உட்கார்ந்தேன். இன்டர்வியூவுக்குப் படிக்கறதா பேரு. ஒரு நாள் படிக்கப் பிடிக்காம, மெண்டோசா இப்போ என்ன பண்றான்னு தேடினேன்.

2016ல் நியூயார்க் சிட்டிக்கு லோன். பிர்லோ, லம்பார்ட், டேவிட் வியா கூட ஒரே டிரெஸ்ஸிங் ரூம். 2017ல் பிரேசில்லயே பாஹியாவுக்கு லோன். 2018ல் பிரான்ஸ், அமியான். 2020ல் கொரோனாவால பிரான்ஸ் லீகைப் பாதியில நிறுத்தி, அப்படியே அமியானைக் கீழ் டிவிஷனுக்கு இறக்கினாங்க. அப்புறம் பிரேசில்ல சியாரா, 2023ல் பெலே ஆடின சான்டோஸ், அங்கேருந்து துருக்கி. வாங்கின கொரிந்தியன்ஸ்ல அவன் நிலைச்சு ஆடவே இல்லை.

முதல்ல படிச்சப்போ பாவமாத்தான் இருந்தது. இவனையும் ஊர் ஊரா அனுப்பிக்கிட்டே இருந்திருக்காங்க. அப்புறம் ஒண்ணு தோணிச்சு. கொரிந்தியன்ஸ் கணக்குல சென்னை ஒரு நாலு மாச லோன், ஃபைல்ல ஒரு வரி. ஆனா அந்த ஒரு வரிக்குள்ளதான் மயிலாப்பூர்ல ஒரு நாற்காலி விழுந்தது, எங்கப்பா எழுந்தார். அது மெண்டோசாவுக்கும் தெரியாது. லோன்ல வந்தவன் நமக்கு அளந்து ஆடலை. இது நம்ம டீம் இல்லைன்னு நினைக்கறவன் கடைசி நிமிஷத்துல அப்படி ஓட மாட்டான்.

நானும் அந்த அஞ்சு இடத்துலயும் அளந்து வேலை செய்யலை. எங்கயாவது ஒரு பேங்க்ல நான் எழுதின கோடு இன்னமும் யாரோ ஒருத்தரோட பணத்தை சரியா சேர்த்துக்கிட்டுதான் இருக்கும். இதை வெச்சு ரொம்ப ஆறுதல் பட்டுக்கவும் முடியாது. லோன்ல போறவனுக்குத் திரும்பி வர ஒரு கிளப் இருக்கு, எனக்கு இல்லை. அது வித்தியாசம்தான். ஆனா, நான் ஏழு வருஷமா எங்கயுமே இருக்கலைன்னு ராத்திரியெல்லாம் நினைச்சுக்கிட்டிருந்தது தப்புன்னு மட்டும் புரிஞ்சது.

அன்னிக்கு சாயந்திரம் அப்பாகிட்ட சொன்னேன். வேலை போனது, நூலகம், எல்லாம். அவர் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, கொஞ்ச நேரம் பால்கனியைப் பார்த்துக்கிட்டிருந்தார். 33 வருஷம் ஒரே நாற்காலியில இருந்த மனுஷன், என்ன சொல்லப் போறாரோன்னு வயித்தைக் கலக்கிச்சு.

"மூணு வாரமா நூலகத்துக்கு எதுல போன?"

"பஸ்லப்பா."

"நம்ம பழைய வீட்டைத் தாண்டித்தானே போகணும். எப்படி இருக்கு இப்போ?"

"நாலு மாடி கட்டியிருக்காங்கப்பா. கீழ வெறும் கார் பார்க்கிங்."

"நல்லது. தண்ணி வந்தா கார்தான் மிதக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்கு நானும் வர்றேன். நீ படி, நான் பேப்பர் பார்க்கறேன். வீட்டுல தனியா போர் அடிக்குது"ன்னார்.

இப்போ ரெண்டு பேரும் போறோம். மதியம் தயிர் சாதம் கட்டித் தர்றாங்க அம்மா.

பி.கு: ஜாவா தெரிஞ்ச ஆள் ஒருத்தன் கைவசம் இருக்கான், வயசு 28. லோனுக்கும் தரப்படும், மொத்தமாவும் தரப்படும். கடைசி நிமிஷம் வரைக்கும் ஓடுவான். உங்க ஆபீஸ்ல இடம் இருந்தா சொல்லுங்க மக்களே.