கேட்கத் தவறிய கேள்வி



அருப்புக்கோட்டையிலும் திருச்சுழி வட்டாரத்துச் சிற்றூர்களிலும் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இன்றளவும் என் நெஞ்சை உறுத்தும் ஒரு நிகழ்ச்சியை உங்களிடம் கூற விழைகின்றேன்.

1994-ஆம் ஆண்டுக் கோடை. கருவுற்றிருந்த இளம்பெண் ஒருத்தி, இரு முன்கைகளிலும் கன்றிய காயங்களோடு வந்தாள். "கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்துவிட்டாள், நர்ஸம்மா" என்றார் உடன்வந்த மாமியார். மருந்திட்டேன். குறிப்பேட்டிலும் அவ்வாறே எழுதினேன். அக்கோடையில் அவ்வூர்க் கிணற்றில் குடிக்கவே நீரில்லை. வறண்ட கிணற்றடியில் பாசி ஏது? அடியைத் தடுக்க உயர்த்திய கைகளில் அத்தகைய காயம் விழும் என்பதையும் அறிவேன். ஆயினும், 'குடும்ப விஷயம், நமக்கேன்?' என்று வாய்மூடியிருந்தேன். இரண்டு வாரங்களில் கருச்சிதைவுற்று அவள் மீண்டும் வந்தாள்.

இஃது ஒரு வீட்டின் துயரம் மட்டுமன்று. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். வன்முறை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என உலகச் சுகாதாரப் பேரவை 1996-லேயே அறிவித்தது. கருச்சிதைவு, எடை குறைந்த குழந்தை, மனச்சோர்வு என்று நோயின் உருவிலேயே அது மருத்துவமனைக்கு வருகின்றது. அதை முதலில் காண்பவள் செவிலியே.

ஐயம் எழுந்தால், உடன்வந்தோரை வெளியே இருத்தி, அவளைத் தனிமையில் கனிவாகக் கேட்க வேண்டும். தயங்கினால் வற்புறுத்தலாகாது, சொன்னால் நம்ப வேண்டும். காயத்தின் இடத்தையும் அளவையும், அவள் கூறிய சொற்களையும் அப்படியே எழுத வேண்டும். வீடு திரும்புவது பாதுகாப்பானதா என்றும் வினவ வேண்டும். 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உதவி கோருபவளுக்குச் சிகிச்சையை மறுக்கலாகாது என்கின்றது. அவள் பாதுகாப்பு அலுவலரை நாடலாம். 181 என்னும் எண்ணிலும் உதவி கேட்கலாம். இவற்றை எடுத்துரைப்பதும் செவிலியின் பணியே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் தம் கையால் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அந்த வழியில் நடக்க விழையும் இல்லங்களில் மறைப்பதற்கு என்ன இருக்கின்றது? ஆகவே சகோதரிகளே, மகளையோ மருமகளையோ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது, "சற்று வெளியே இருங்கள்" என்று செவிலி சொன்னால் சினம் கொள்ளாதீர்கள். அந்த ஐந்து நிமிடத் தனிமையும் சிகிச்சையே. அன்று அதை நான் அந்தப் பெண்ணுக்கு அளிக்கத் தவறினேன்.