மாமா என்றால் அம்மா!

வேலைக்காக இல்லை, மார்க்குக்காக இல்லை, சும்மா ஒரு ஆசைக்கு ருஷ்ய மொழி படிக்க உட்காருபவரை முதலில் மிரட்டுவது அதன் 33 எழுத்துக்கள். புது எழுத்துக்கள்கூடப் பரவாயில்லை. தெரிந்த முகத்தோடு வந்து ஏமாற்றுபவைதான் வம்பு. ஆங்கில 'எச்' போல இருப்பது 'ன்', 'சி' போல இருப்பது 'ஸ்', 'பி' போல இருப்பது 'ர்'. 'ரெஸ்டரான்' என்ற ஓட்டல் பலகையை ஆங்கிலக் கண்ணால் படித்தால் 'பெக்டோபா'!

ஆங்கிலத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தமிழ் வழியாகப் போய்ப் பாருங்கள். 'யா ஸ்டுடென்ட்' என்றால் 'நான் மாணவன்'. நடுவில் 'ஆம்', 'இஸ்' எதுவும் கிடையாது, நம்மைப் போலவே. வேற்றுமை அங்கே ஆறு, நம் இலக்கணத்தில் எட்டு. 'மாமா' என்றால் அம்மா (சிரிக்காதீர்கள்), 'மாமு' என்றால் அம்மாவை. ஆனால் நமக்கு எந்தப் பெயருக்கும் ஒரே 'ஐ' போதும். அங்கே பாலும் எண்ணும் பார்த்து விகுதி மாறும், கூட வரும் பெயரடையும் மாறும். இங்கேதான் நிறையப் பேர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

அதையும் தாண்டினால் வினைச்சொல். 'ச்சித்தால்' என்றால் படித்தான். முடித்தானா என்பது தெரியாது. 'ப்ரச்சித்தால்' என்றால் படித்து முடித்துவிட்டான். ஆங்கிலக்காரர்கள் திணறும் இடம் இது. 'படித்தான்', 'படித்துவிட்டான்' என்று தினமும் பேசுகிற நமக்கோ பாதி புரிந்த மாதிரிதான்.

இதில் என்ன லாபம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். யோசிக்காமலே பேசிவந்த 'விட்டான்' என்ற சின்னச் சொல்லின் வேலை, இன்னொரு மொழிக்குப் போய் வந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. அந்த வரவை எந்தக் கணக்கில் எழுதுவது?