தப்பூலேயில் இலைதான் சோறு

படிப்பு லீவுக்கு மூன்று பேருமாக மட்டக்களப்புக்கு, எங்களில் ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தோம். யூரியூப்பில் பார்த்த தப்பூலேயைச் செய்வதென்று முடிவு. லெபனான், சிரியா, பலஸ்தீனப் பக்கத்துச் சாப்பாடு. அடுப்பே மூட்டத் தேவையில்லை. விடுதியில் நூடில்ஸ் அவித்துப் பழகிய எங்களுக்கு வேறென்ன வேண்டும்?

முதல் தரம் செய்தது முழுப் பிழை. புர்குல் கிடைக்காததால் கடையில் இருந்த கோதுமைக் குறுணலை வாங்கி ஊறவைத்தோம். ஒரு சட்டிக் குறுணலுக்கு ஒரு பிடி பார்ஸ்லி. கடித்தால் மணல் மாதிரி நறுக்கு நறுக்கென்றது.

பெரியம்மா எட்டிப் பார்த்தா.

"என்ன புள்ள இது? சோத்துக்குள்ள கீரை விழுந்த மாதிரிக் கிடக்கு. தப்பூலேயில இலைதான் சோறு."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டோம். பெய்ரூட்டில் ஐந்து வருசம் ஒரு வீட்டில் வேலை செய்ததாம். அவ வெளிநாட்டில் இருந்தவ என்பது எங்களுக்குத் தெரியும். அங்கே என்ன செய்தா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதே நாங்கள்தான் போன செமஸ்டரில் கஃபாலா முறை பற்றி ஒப்படை எழுதி நல்ல புள்ளியும் எடுத்தோம்.

"புர்குல் எண்டா கோதுமைய அவிச்சு, காயவெச்சு, பிறகு உடைக்கிற. நம்மட புழுங்கல் மாதிரி. நீங்க எடுத்தது பச்சை."

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி மெல்லிய புர்குலும் மூன்று பெரிய கட்டு பார்ஸ்லியும் எடுப்பித்தோம். இந்த முறை கத்தி பெரியம்மாவின் கையில்.

கழுவிய இலையைத் துணியில் பரப்பி நன்றாக உலர விட வேண்டும். ஈரத்தோடு வெட்டினால் களியாகிவிடும். பிறகு இறுக்கிப் பிடித்து, கூரான கத்தியால் ஒரே தரம், வல்லாரைச் சம்பலுக்கு அரிவது போல. திரும்பத் திரும்பக் கொத்தினால் இலை கறுத்துத் தண்ணி விடும். புர்குல் மூன்று மேசைக்கரண்டிதான். அதையும் தண்ணீரில் போடவில்லை. பொடியாக வெட்டிய தக்காளியின் சாற்றிலும் தேசிக்காய்ப் புளியிலும் ஊற விட்டா. வெங்காயத்தாள் கொஞ்சம். புதினா கெதியாகக் கறுக்கும் என்பதால் கடைசியில். உப்பும் ஒலிவ் எண்ணெயும் சாப்பிடப் போகும்போதுதான்.

அரிந்துகொண்டே கதைத்தா. ஞாயிற்றுக்கிழமையில் விருந்தாட்கள் வந்தால் எட்டுக் கட்டு, பத்துக் கட்டு அரிய வேணுமாம். பெருவிரல் பச்சையாகவே இருக்குமாம். பாஸ்போட் வீட்டுக்காரரின் அலுமாரிக்குள்.

"அவங்களோட இருந்து சாப்பிட்டிருக்கிறீங்களா?"

"குசினிக்குள்ள நிண்டு உப்புப் பாப்பன்."

2006 ஜூலையில் இஸ்ரேல் குண்டு போடத் தொடங்கியபோது சில உடுப்புகளோடு வெளிக்கிட்டவ. ஊருக்கு வந்தால் இங்கேயும் சண்டை தொடங்கியிருந்தது. "அங்கயும் ஓட்டம், இங்கயும் ஓட்டம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்தா. நாங்கள் ஒப்படையில் எழுதிய வசனங்களில் ஒன்றுகூட அந்த நேரம் வாயில் வரவில்லை. தக்காளியை வெட்டினோம்.

முடிந்ததும் பழக்கதோசத்தில் எங்களுக்குப் போட்டுத் தந்துவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பினா. நாங்கள் விடவில்லை. பாயில் இழுத்து இருத்தினோம். லெபனானில் சலாது இலையிலோ கோவா இலையிலோ அள்ளித்தான் சாப்பிடுவார்களாம். எங்களிடம் கோவாதான் இருந்தது. உள் இலை ஒன்றைக் கிண்ணம் மாதிரிப் பிடித்து, நிறைய அள்ளி வாயில் வைத்தா. மூன்று பேரும் அவவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மென்று முடித்துவிட்டுச் சொன்னா:

"புளி காணாது. இன்னொரு தேசிக்காய் எடுங்க."