இருளில் ஊற்றிய குடம்

பாற்குளக் கதையை அறியாதார் நம்மிடையே குறைவு. ஆளுக்கொரு குடம் பால் ஊற்றிக் குளத்தை நிரப்புமாறு அரசன் ஆணையிட்டான். ஊரார் இரவின் இருளில் தண்ணீரையே கொண்டுவந்து ஊற்றினர். விடிந்தபோது குளத்தில் பாலின் சுவடே இல்லை. கஞ்சத்தனத்தைக் கண்டிக்கவே இக்கதையைச் சொல்வார்கள். ஆயினும் ஊற்றியவர் அனைவரையும் கஞ்சர் எனத் தள்ள என் மனம் ஒப்பவில்லை. 'மற்றவன் மட்டும் பாலா ஊற்றப் போகிறான்?' என்று ஐயுற்றவர்களும் அவர்களுள் இருந்திருப்பர்.

மதரஸாவில் பாடம் முடிந்ததும் மாணவர் தத்தம் பாயைச் சுருட்டி வைப்பது வழக்கம். ஒருநாள் ஒருவன் விரித்தபடியே விட்டுச் சென்றான். மறுநாள் இருவர். வாரக் கடைசியில் பாதிப் பாய்கள் தரையில் கிடந்தன. நற்குணம் வாய்ந்த மாணவன் ஒருவனை அழைத்துக் காரணம் கேட்டேன். "அவங்க மட்டும் போட்டுட்டுப் போகலாமா, ஹஜ்ரத்?" என்றான். சோம்பலைக் கடிய எண்ணியிருந்த எனக்கு, நியாயம் கேட்கும் குரலே காதில் விழுந்தது.

இக்குரலை ஆராய்ந்த அறிஞர்களும் உளர். ஃபிஷ்பாகர், கெஷ்டர், ஃபேர் ஆகிய மூவர் சுவிட்சர்லாந்தில் நடத்திய சோதனையொன்றின் முடிவை 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நால்வர் கொண்ட குழு. ஆளுக்கு 20 வில்லைகள். பொதுவில் ஒரு வில்லை இட்டால் நால்வருக்கும் 0.4 வில்லை வீதம் கிடைக்கும். இட்டவனுக்கு இழப்பு, குழுவுக்கோ ஆதாயம். பங்கேற்ற 44 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர், பிறர் கூடுதலாகக் கொடுத்தால் தாமும் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தனர். ஏதும் தராது பயன் கொள்ள நினைத்தோர் சுமார் 30 விழுக்காடு. கொடுக்க முன்வந்தோரும் பிறர் தருவதைவிடச் சற்றுக் குறைத்தே தர விரும்பினர். இந்தச் 'சற்று' ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்து, ஒத்துழைப்பைத் தேய்த்து விடுகிறது.

தேயாமல் காத்தோரும் உண்டு. ஸ்பெயினின் வலென்சியாவில் உழவர்கள் முறைவைத்து நீர் பாய்ச்சுகின்றனர். அங்கு வாய்க்காலுக்கு 'அஸேக்கியா' என்று பெயர். அரபியின் 'அஸ்ஸாகியா'தான் அது. ஒருவனது முறை முடியும் தறுவாயில் அடுத்தவன் அருகிலேயே காத்திருப்பான்; எனவே எவரும் களவாய் நீர் எடுப்பது எளிதன்று. பிணக்கு எழுந்தால், வியாழக்கிழமை நண்பகலில் பேராலய வாயிலில், உழவர்கள் தேர்ந்தெடுத்த நடுவர்கள் வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்பளிப்பர். எலினோர் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் 1990இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வூர்ப் பாசனத்தை ஆராய்ந்தார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஒருவர் செய்வது மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தவறினால் முதலில் சிறு தண்டனை, மீண்டும் தவறினால் கூடுதல் தண்டனை. பொதுச்சொத்தை நெடுங்காலம் காத்த ஊர்களில் அவர் கண்ட நெறிகளுள் இவையும் அடங்கும்.

பாடம் முடிந்ததும் அனைவரும் ஒருங்கே எழுந்து பாய் சுருட்டும் முறையை நானும் ஏற்படுத்தினேன். எவன் சுருட்டினான், எவன் விட்டான் என்பது எல்லார்க்கும் தெரிந்தது. பாய்கள் மீண்டும் சுவரோரம் சேர்ந்தன.

மனம் வெறுத்து விலகும் நல்லவனின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவன் ஒன்றை நினைவிற்கொள்வது நலம். அவன் யாரோ ஒருவனைப் பார்த்து விலகுகிறான். அவனைப் பார்த்தபடி வேறு இருவர் நிற்கின்றனர்.