பீடோரிலிருந்து ஈப்போவுக்கு: சாலையோரம் ஒரு பழைய கடல்

பீடோரில் கொய்யா வாங்காமல் வடக்கே போகிற குடும்பம் குறைவு. தாப்பா, கம்பார் தாண்டியதும் வலப்பக்கம் செங்குத்தான வெள்ளை மலைகள் எழும்பும். கோப்பேங் அருகே உள்ள குவா தெம்புரோங் குகை அவற்றில் ஒன்றுக்குள்தான் இருக்கிறது. தெம்புரோங் என்றால் சிரட்டை. டார்ச் அடித்துப் பார்க்கிறோம், படம் பிடிக்கிறோம். மலை எதனால் ஆனது என்று பிள்ளைகள் கேட்டால்தான் திணறுகிறோம்.

கடல் உயிர்களால் ஆனது. ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல் இருந்தது. அதில் வாழ்ந்த பவளங்கள், ஓட்டுயிர்கள், கடல் அல்லிகள் ஆகியவற்றின் சுண்ணாம்பு படிந்து இறுகியதே இந்தக் கல்.

கடல் அல்லி செடியல்ல. நட்சத்திர மீனுக்கு உறவான விலங்கு. தரையில் ஒட்டிக்கொண்டு ஆயுள் முழுக்க ஒரே இடத்தில் நின்றது. இரையைத் துரத்த வழியில்லை. வருவதை வடிகட்டித்தான் உண்ண வேண்டும். அடித்தரையிலோ சேறு, மந்தமான நீரோட்டம். அதனால் சுண்ணாம்பு வில்லைகளை அடுக்கிய தண்டில் உயர்ந்து நின்று, இறகு போன்ற கைகளை நீரோட்டத்தில் விசிறியாய் விரித்தது. கைகளில் இருந்த பசையுள்ள குட்டிக் கால்கள் நுண்ணுயிர்களைப் பிடித்து, பள்ளமான வரி வழியே நடுவிலிருந்த வாய்க்கு அனுப்பின. செத்ததும் வில்லைகள் உதிர்ந்துவிடும். நடுவில் துளையோடு பாசிமணி மாதிரியே இருக்கும். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவில் இந்த இனம் கிட்டத்தட்டத் துடைத்தெறியப்பட்டது. தப்பிய சிலவற்றின் வாரிசுகள் இன்றும் ஆழ்கடலில் தண்டோடு நிற்கின்றன.

அந்தப் பழைய கடலை நமக்குக் காட்டிக்கொடுத்தது ஈயம். கம்பாரின் ஹெச். எஸ். லீ ஈயச் சுரங்கத்தில் மேல்மண்ணை அகற்றியபோது வெளிப்பட்ட பாறையில், பெர்மியன் காலக் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் ஏராளமாய்க் கிடைத்தன. வேறு பல இடங்களில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பூமிக்கடியிலிருந்து பொங்கிய கருங்கல் குழம்பின் வெப்பத்தில் சுண்ணாம்புக்கல் பளிங்காகி, உருவங்கள் அழிந்துபோயின. வேடிக்கை என்னவென்றால், ஈயத்தைக் கொண்டுவந்ததும் அதே குழம்புதான்.

ஈப்போவில் தைப்பூசக் காவடிகள் போய்ச் சேரும் கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் குனோங் சீரோ மலையடியில் இருக்கிறது. அதுவும் இதே சுண்ணாம்புக்கல்.

இந்தக் கல்லுக்கு விலையும் உண்டு. சிமெண்ட், பளிங்குத் தரை, சுண்ணாம்புத் தூள் எல்லாமே இதிலிருந்துதான். சிமெண்ட் நமக்கும் வேண்டும். அதை மறுக்க முடியாது. கிந்தா பள்ளத்தாக்கு 2018-இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சிம்பாங் பூலாய் பக்கம் போனால், பாதி வெட்டப்பட்ட மலைகளை நெடுஞ்சாலையிலிருந்தே பார்க்கலாம். அடிவாரத்தில் லாரிகள் வரிசையாய் நிற்கும்.