பாதிச் சாட்சி

குற்றம் எங்கே இருக்கிறது என்று தேடிக் காண்பதைக் காட்டிலும், அதை யார்மேல் ஏற்றலாம் என்று முடிவுகட்டுவது மனிதனுக்கு எளிதாக இருக்கிறது. வீட்டில் புதிதாக வந்தவர்மேல், வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவன்மேல், மேசையில் புதிதாக வைக்கப்பட்ட பொருளின்மேல் ஐயம் முதலில் சென்று விழுகிறது. செலாயாங்கில், ஒரு வரிசை வீட்டின் பின்னறையில், சிறு கறுப்புப் பெட்டி ஒன்று அவ்வாறு மூன்று வாரம் பழி சுமந்து கிடந்தது.

கோலாலம்பூரின் வட எல்லையை ஒட்டி, பத்துமலைக் குன்றுகளுக்கு அருகே அமைந்த ஊர் செலாயாங். விடியுமுன்னே மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வரும் லாரிகளின் ஓசையும், வெந்நீர்க் குளத்தில் மூட்டுவலிக்கு ஆறுதல் தேடி வரும் முதியோரின் பேச்சும் அவ்வூரின் அன்றாட அடையாளங்கள். 1999ஆம் ஆண்டில் இங்கே திறக்கப்பட்ட அரசாங்க மருத்துவமனை, நோயாளிகளின் குறிப்புகளைக் காகிதத்தில் எழுதாமல் கணினியிலேயே பதிந்து வைக்கும் முறையில் மலேசியாவுக்கு முன்னோடியாக விளங்கியது. ஆகவே, சுவருக்குள் ஓடும் கணினிக் கம்பியின்மேல் மனித வாழ்வு சாய்ந்து நிற்பது இவ்வூருக்குப் புதிய செய்தியன்று.

அவ்வீட்டின் தலைவர் பணி ஓய்வு பெற்ற தொலைபேசிக் கம்பியாளர். 1987ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தொலைத்தொடர்புத் துறை நிறுவனமாக மாற்றம் பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதில் சேர்ந்தவர். மழையில் கம்பம் ஏறியும், சாலையோரக் குழிகளில் இறங்கியும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். அவருடைய துணைவியார் பக்கவாதத்தால் தாக்குண்டு, சக்கர நாற்காலியில் நாள்களைக் கழிப்பவர். ஒரே மகள், காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குத் தொலைபேசி வழியே விடையளிக்கும் பணியில் இருப்பவள்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தபோது, அவளுடைய அலுவலகமும் வீட்டுக்குள் வந்துவிட்டது. கட்டுப்பாடு விலகிய பின்னரும், தாயாரின் நிலை கருதி, வீட்டிலிருந்தே பணியாற்ற மேலாளர் இசைவளித்தார். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: வாடிக்கையாளரோடு பேசும் பேச்சு இடையில் அறுபடக் கூடாது, ஆதலால், காற்றுவழி வரும் வைஃபையை நம்பாமல் கம்பிவழி இணைப்பையே பயன்படுத்த வேண்டும். கூடத்தில் இருந்த ரௌட்டரிலிருந்து, தாயாரின் அறைவாசலைக் கடந்து, பின்னறைவரை நீளும் ஒரு சாம்பல் நிறக் கம்பியைத் தந்தையே இழுத்துக் கொடுத்தார். பழைய மடிக்கணினி அக்கம்பியில் குறையின்றி ஓடியது.

பின்னர் நிறுவனம் புதிய மடிக்கணினி ஒன்றை வழங்கியது. ஏடுபோல் மெலிந்த அதன் விளிம்பில் வலைக்கம்பி செருகும் துளைக்கு இடமில்லை. அக்குறையை நீக்க, டாக்கிங் ஸ்டேஷன் எனப்படும் கறுப்புப் பெட்டி உடன் வந்தது. பெரிய திரை, விசைப்பலகை, வலைக்கம்பி ஆகிய யாவும் அப்பெட்டியில் செருகப்படும். பெட்டியிலிருந்து ஒரே ஒரு வடம் கணினிக்குச் செல்லும். கப்பலுக்குத் துறைமுகம் எவ்வாறோ, மடிக்கணினிக்கு அப்பெட்டி அவ்வாறு. வலையோடு பேசுவதற்கென்று அதனுள்ளே ஈதர்நெட் அடாப்டர் என்னும் தனி உறுப்பும் உண்டு.

பெட்டி வந்த நாளே தொல்லையும் வந்தது. இணைப்பு வரும், சில நொடிகளில் மறையும், மீண்டும் வரும். திரை ஒளிர்ந்தது, விசைப்பலகை பணிந்தது; வலை மட்டும் பிடிவாதம் பிடித்தது. தம் மருத்துவச் செலவைப் பற்றிக் கேட்ட ஒருவரின் குரல் பாதிச் சொல்லில் அறுந்துபோனது.

மகள் செய்யத் தவறியது ஒன்றுமில்லை. பெட்டியின் மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு நிமிடம் பொறுத்து, மீண்டும் கொடுத்துப் பார்த்தாள். அடாப்டரை இயக்கும் மென்பொருளைப் புதுப்பித்தாள். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கணினி அந்த அடாப்டரை உறங்க வைக்கும் அமைப்பையும் நிறுத்தினாள். பயனில்லை. பிறகு, முறையாகச் சோதிக்கத் தொடங்கினாள். கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றித் தொலைக்காட்சிப் பெட்டியில் செருகினாள். ஒரு மணி நேரம் படம் தடையின்றி ஓடியது. ஆகவே, கம்பி நல்லது. மடிக்கணினியை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்த டாக்கிங் ஸ்டேஷனில் இணைத்தாள். குறையின்றி வேலை செய்தது. ஆகவே, கணினி நல்லது. எஞ்சியது கறுப்புப் பெட்டி ஒன்றே. நிறுவனம் அதை மாற்றி வேறொன்று தந்தது. அதிலும் அதே தொல்லை!

கம்பி நல்லது, கணினி நல்லது, பெட்டியும் நல்லது. தனித்தனியே விசாரித்தால் எல்லாரும் நிரபராதிகள். ஒன்றுகூடினால் மட்டும் குற்றம் நிகழ்கிறது. இதை என்னவென்று சொல்வது?

மேலாளரின் பொறுமைக்கும் எல்லை உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் இணைப்பு சீராகாவிட்டால், திங்கள் முதல் நாள்தோறும் அலுவலகம் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. கம்பம் ஏறி இறங்கித் தேய்ந்த தந்தையின் முதுகு, துணைவியாரைத் தனியே தூக்கி அமர்த்தும் வலிமையை இழந்து பல காலம் ஆயிற்று. காலையில் ஒருமுறையும் நண்பகலில் ஒருமுறையும் மகள் கைகொடுத்தால்தான் அத்தாய் படுக்கையை விட்டு எழ முடியும். அக்கடிதத்தில் அறுந்துபோகக் காத்திருந்தது வலையிணைப்பு மட்டுமன்று.

இத்தனை நாளும் தந்தை வாய் திறக்கவில்லை. தொடக்கத்தில் அவர் ஏதோ சொல்ல வந்தபோது, “அப்பா, இது உங்கள் காலத்துத் தொலைபேசி இல்லை” என்று மகள் சொல்லிவிட்டாள். களைப்பில் வந்த சொல்தான். ஆயினும், அது அவரைக் கூடத்து நாற்காலியிலேயே அமர்த்திவிட்டது.

உண்மையில், கம்பியில் பழுது தேடும் கலை கணினியைவிட மிக மூத்தது. இந்நாட்டு மண்ணோடும் அதற்கு உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்தி வடங்களுக்குள் நீர் புகாமல் காத்தது, மலாயாக் காடுகளில் வளர்ந்த கெட்டா பெர்ச்சா மரத்தின் பால். 1870, 1871ஆம் ஆண்டுகளில் சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடி வடம் இடப்பட்டது. ஆழ்கடலில் வடம் பழுதுற்றால், அக்காலத்துத் தந்திப் பணியாளர்கள் கரையில் இருந்தபடியே மின்தடையை அளந்து, பழுது எவ்வளவு தொலைவில் இருக்கக்கூடும் என்று கணக்கிட்ட பின்னரே கப்பலை அனுப்பினார்கள். இரண்டு இழைகளை ஒன்றோடொன்று முறுக்கினால் வெளியிலிருந்து வரும் மின் குறுக்கீடு தணியும் என்னும் கருத்துக்கு, தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் வகுத்த ஈதர்நெட் முதலில் வேறு வகை வடத்தில் ஓடினாலும், 1990ஆம் ஆண்டில் அதுவும் முறுக்கிய இழைகளுக்கு ஏற்ற வடிவம் பெற்றது. கணினி, கம்பியாளரின் வீட்டுக்குத் தானே தேடி வந்தது என்று சொன்னால் தவறாகாது.

வியாழக்கிழமை இரவு, தலையைக் கையில் தாங்கி மகள் அமர்ந்திருந்தபோது, தந்தை அறைவாசலில் வந்து நின்றார்.

“பெட்டியில் விளக்கு எரிகிறதா, அம்மா?”

“எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது, அப்பா.”

“அப்படியானால், இரண்டு முனையும் பேசத்தான் முயல்கின்றன, பேச்சு முற்றுப்பெறவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வா.”

ரௌட்டரோடு வந்து, பிரிக்கப்படாமலேயே இழுப்பறையில் கிடந்த ஒரு மீட்டர் கம்பியை அவர் எடுத்தார். ஒரு முனையை ரௌட்டரிலும், மறு முனையைக் கறுப்புப் பெட்டியிலும் செருகினார். விளக்கு எரிந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று, பதினைந்து நிமிடம் ஆயிற்று, அணையவில்லை.

“ஆனால், அந்த நீளக் கம்பியில் தொலைக்காட்சி ஓடியதே, அப்பா?”

“ஓடியது. அதற்கு எத்தனை இழை வேண்டும் என்று கேட்டாயா?”

அவர் விளக்கியது இதுதான். வலைக்கம்பிக்குள் எட்டு இழைகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. நொடிக்கு நூறு மெகாபிட் வேகத்துக்கு 1995ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட முறை, ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு இணைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. செலாயாங் மருத்துவமனை திறக்கப்பட்ட அதே 1999ஆம் ஆண்டில் வந்த ஆயிரம் மெகாபிட் முறைக்கோ நான்கு இணைகளும் வேண்டும். அவ்வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி நூறோடு நிற்கும் வகை. ஆகவே, அது நான்கு இழைகளை மட்டும் சோதித்துவிட்டு எட்டுக்கும் நற்சான்று வழங்கிவிட்டது. கறுப்புப் பெட்டியோ ஆயிரத்தை நாடுவது. கம்பியின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் நலமான இணைகளின் வழியே, “உன்னால் எவ்வளவு வேகம் முடியும்?” என்று முதலில் கேட்டுக்கொள்கின்றன. “ஆயிரம்” என்று இரண்டும் உடன்படுகின்றன. நான்கு இணைகளிலும் ஓட முயன்றதும் இடறி விழுகின்றன. மறுபடி முதலிலிருந்து தொடங்குகின்றன. இவ்வாறு இடறும்போது சில கருவிகள் தாமாகவே நூறுக்கு இறங்கிவிடும். சில விடாமல் ஆயிரத்தையே முயலும். பழைய மடிக்கணினி சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போயிருந்தது. அதன் பணிவு கம்பியின் காயத்தை மறைத்தது. புதிய பெட்டியின் பிடிவாதமே அதை வெளிப்படுத்தியது.

தந்தை தரையில் அமர்ந்து, சாம்பல் நிறக் கம்பியை விரல்களுக்கிடையே உருவிக்கொண்டே சென்றார். துணைவியாரின் அறைவாசலில் விரல் நின்றது. அங்கே கம்பி தட்டையாகி இருந்தது. நாள்தோறும் பலமுறை அதன்மேல் சக்கர நாற்காலி ஏறி இறங்கியிருக்கிறது. உறையைக் கீறிப் பார்த்தபோது பழுப்பு இழை ஒன்று அறுந்து கிடந்தது.

நாற்காலியில் இருந்த அம்மையார் அதைப் பார்த்தார். “என்னாலா?” என்று தடுமாறும் நாவால் கேட்டார்.

“இல்லை. கம்பி போட்ட இடம் தவறு. போட்டவன் நான்” என்றார் கணவர்.

மூன்று வாரம் கணினியையும், பெட்டியையும், மென்பொருளையும் சுற்றி அலைந்த பழி அந்தச் சொல்லில் வந்து ஓய்ந்தது. அன்றிரவே அவர் புதிய கம்பி ஒன்றை எடுத்தார். மகள் ஏணியில் ஏறினாள். தந்தை கீழே நின்று வழி சொன்னார். கதவின் நிலைக்கு மேலாகக் கம்பி சென்றது. வெள்ளிக்கிழமை காலை, எட்டு இழைகளும் பேசின. அன்று முழுதும் எந்த வாடிக்கையாளரின் குரலும் அறுபடவில்லை. திங்கட்கிழமையும் மகள் வீட்டிலேயே இருந்தாள்.

மகளின் சோதனை பொய்யன்று. அது பாதிச் சாட்சி. ஒரு சோதனை எதைக் கேட்கிறதோ அதற்கு மட்டுமே விடை தரும். கேளாததற்கு அது சான்றாகாது. கொடுக்கப்பட்ட நான்கு விடைகளுள் ஒன்றைச் சரியாகத் தேர்ந்தெடுத்த மாணவன், தன் கருத்தைத் தானே எழுத வல்லவன் என்று அதனால் உறுதியாகிவிடுமா? மனப்பாடத்தைப் பிழையின்றி ஒப்பித்தவன் பொருளையும் உணர்ந்தான் என்று கொள்ளலாமா? மேல் வகுப்புக்குப் போய் அவன் இடறும்போது, புதிய ஆசிரியர்மேலும் புதிய பாடநூலின்மேலும் பழி விழுகிறது. காயமோ எப்போதோ, எந்த வாசற்படியிலோ பட்டது. கீழ் வகுப்பின் எளிய வேகம் அதை மறைத்து வைத்திருந்தது. அதைக் காண வேண்டுமானால், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமை வேண்டும். “சோதித்துவிட்டோம்” என்று ஒதுக்கிய பொருளையும் மீண்டும் எடுத்து விரலால் தடவிப் பார்க்கும் துணிவு வேண்டும். காரணம் தன் கையிலேயே தொடங்கியிருந்தால் அதைச் சொல்லும் நேர்மையும் வேண்டும்.

அவ்வீட்டில் இப்போது கம்பி கதவுக்கு மேலே ஓடுகிறது. அதன் கீழே சக்கர நாற்காலி தடையின்றிப் போய் வருகிறது. கணினியில் ஏதேனும் தொல்லை என்றால், மகள் முதலில் கூடத்தை நோக்கி, “அப்பா!” என்று அழைக்கிறாள்.